முள்ளின் நுனியில் குங்குமம்

நாச்சியப்பனுக்கு அந்தக் கைத்துப்பாக்கி வேலையோடு வந்த வினை. கடல்தாண்டி வந்த ஜார்ஜ்டவுனில், கடற்கரையோரம் ரப்பர் கிடங்கில் மேற்பார்வை. மாடியில் குடியிருக்க இரண்டு அறை. விஜயதசமி காலையில் கம்பெனி துரை முன்னிலையில் ஆறு ரவை சுட வேண்டும். அதில் நாலு ரவையாவது குறிப்பலகையில் பட்டால் வேலை உறுதி. படாவிட்டால் அவன் ஆண்கள் மட்டுமே தங்கும் கிட்டங்கி விடுதிக்குத் திரும்ப வேண்டும். கல்யாணமாகி ஆறு மாதமே ஆன மனைவி விசாலம் அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டும்.

போலீசில் இருந்து ஓய்வுபெற்ற அப்துல் காதர்தான் சுடப் பழக்கினார். குழல் நுனியில் ஒரு முள், பின்புறம் ஒரு பிளவு. பிளவின் நடுவே முள் நிற்க வேண்டும். பலகையில் வரைந்த கறுப்பு வட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. சுவர்மேல் பானைபோல முள்ளின் தலையில் உட்கார வைக்கலாம். முள்ளை வட்டத்தின் நடுவிலும் நிறுத்தலாம். நாச்சியப்பன் இரண்டையும் மாறி மாறிச் செய்தான். தென்னைமரத்தில் ஒன்றும் மண்மேட்டில் ஒன்றுமாக ரவைகள் போய்ச் சேர்ந்தன.

"ஏதாச்சும் ஒண்ண வச்சுக்குங்கலா, செட்டியாரே. பொண்ணு பார்க்கப் போன எடத்துல அக்காளையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தா ரெண்டும் கெடைக்காது. வட்டத்தையே மொறைக்காதீங்க. முள்ளப் பாருங்க."

வீட்டில் கரண்டிக் காம்பின்மேல் குழிப்பணியாரத்தை வைத்து விசாலத்துக்கு விளக்கினான். மேலே இருந்தால் முழுசாகத் தெரிகிறது, மறைத்துவிட்டு எதைப் பார்ப்பதாம் என்று கேட்டு, அவள் இலக்கைத் தின்றுவிட்டாள். சுவர்மேல் பானை என்று முடிவானது. ஆனாலும் கண் வட்டத்துக்கேதான் ஓடியது.

விஜயதசமியன்று துரைக்கு முன்னால் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தான். முதல்நாள் ஆயுத பூஜையில் தராசுக்கும் பூட்டுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்த விசாலம், துப்பாக்கியை மட்டும் விடுவாளா? பிளவு முழுக்கச் சந்தனம் காய்ந்திருந்தது. முள்ளின் தலையில் குங்குமம்.

அப்துல் காதர் சிரிப்பை மென்றபடி தீக்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். குச்சி முள்ளுக்குப் போனபோது நாச்சியப்பன் கையைப் பிடித்தான்.

"அத விடுங்க. அவ வச்சது."

துப்பாக்கியை நீட்டினான். சிவப்புப் புள்ளி கண்ணைப் பிடித்து இழுத்தது; வட்டம் மங்கலாகப் பின்னால் ஒதுங்கியது. புள்ளியின் தலையில் வட்டத்தைப் பானைபோல உட்கார வைத்தான். ஐந்து ரவை வரிசையாகப் பலகையில் பட்டன. ஆறாவது தென்னைமரத்துக்குப் போனது. துரை முள்ளை உற்றுப் பார்த்து, இது என்ன சாயம் என்று கேட்டார். நல்ல சாயம் என்றார் அப்துல் காதர்.

வீட்டில் விசாலம் டிரங்குப் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்து வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு," என்றான்.

அவள் எழுந்து, காலால் பெட்டியை உள்ளே தள்ளினாள்.

"ஆறாவது எங்கிட்டுப் போச்சு?"

"அஞ்சு பட்டுருச்சுன்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அப்பத்தான் நெனைச்சேன்."