சீசனுக்கு ஒழித்த வீடு

கேட்கட்டும். வாயைத் திறந்து அவளே கேட்கட்டும். நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

இப்படி நினைத்துக்கொண்டே கேத்தரின் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். பெங்களூரின் ஓரத்தில், ஜீவனஹள்ளியில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்குப் பவுலின் அம்மாள் வருவது இதுவே முதல் தடவை. மாதா கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவள், புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரம் ஊறிய தரையில் எங்கே கால் வைப்பது என்று தடுமாறினாள். அதைப் பார்க்கக் கேத்தரினுக்கு இனித்தது. இனிப்பது பாவம் என்று தெரியும். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகும் இனித்தது.

போன வருஷம் வரை கேத்தரினும், அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் அவள் புருஷன் ஆம்ப்ரோஸும், கண்டோன்மெண்டில் பவுலின் அம்மாளின் வீட்டில்தான் குடியிருந்தார்கள். பெங்களூரில் ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை உண்டு. வருஷமெல்லாம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் பிறந்ததும் மதராஸ் வெயிலுக்குத் தப்பி இந்த மேட்டுக் குளிருக்கு ஓடிவரும் பெரிய மனிதர்களுக்கு இன்னொன்று. ஒரு வருஷத்து வாடகையை அவர்கள் மூன்று மாதத்தில் கொடுத்துவிடுவார்கள். அதனால் மார்ச் கடைசியில் வீட்டுக்காரர்கள் பழைய குடித்தனக்காரர்களைப் பின்னாலிருக்கும் குதிரை லாயத்துக்கு மாற்றிவிடுவார்கள். வாடகை மட்டும் குறையாது. கேத்தரினும் மூன்று கோடைகள் லாயத்தில் சமைத்தாள். முடியாது என்று சொன்னால் வேறு வீடு கிடைக்காது. அது எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டார்கள்.

நான்காவது கோடை 1911இல். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை, எட்டாம் மாதம். இந்த ஒரு வருஷம் மட்டும் எங்களை அசைக்காதீர்கள் என்று கேத்தரின் கேட்டாள். பவுலின் அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டி, அதற்கென்ன என்று சிரித்தாள்.

நாலாம் நாள் காலையில் சமையலறை மூலையில் ஒரு எலி செத்துக் கிடந்தது. பிளேக் வருவதும் ஓய்வதுமாக இருந்த காலம் அது. வீட்டில் எலி செத்தால் அன்றைக்கே வீட்டை ஒழித்துவிட்டு, ஊருக்கு வெளியே கொட்டகை முகாமுக்குப் போயாக வேண்டும். கேத்தரின் எலியைத் துடைப்பத்தால் புரட்டினாள். அதன் ரோமம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பொறியில் பிடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கிய எலி. அவள் யாரையும் கூப்பிடவில்லை. அதற்குள் பவுலின் அம்மாள் பிளேக் இன்ஸ்பெக்டரோடு வாசலில் நின்றாள். எலி நனைந்திருந்ததைப் பற்றிக் கேத்தரின் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

முகாமில் மூங்கில் பாய்தான் சுவர். பத்தாம் நாள் பகலில் ஆலங்கட்டி மழை அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டு கொட்டியபோது அவளுக்கு வலி கண்டது. பிளேக் முகாமுக்குள் வர மருத்துவச்சி மறுத்துவிட்டாள். பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு மட்டும் நேரம் இருந்தது. முகாமை விட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது இந்த ஈர அறைதான்.

எலி செத்ததை மறைத்து, பவுலின் அம்மாள் சுண்ணாம்பு அடித்து வைத்த வீட்டுக்கு மதராஸிலிருந்து ஒரு வக்கீல் குடும்பம் வந்தது. பிளேக் வீடு என்று பால்காரன் சொன்னதும் ஐந்தே நாளில் மூட்டை கட்டியது. அந்தப் பெயர் மதராஸ் வரைக்கும் போய்விட்டது. இந்த மார்ச்சில் வீட்டைப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

பவுலின் அம்மாள் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கான்வென்டில் கேத்தரின் சொல்லிக்கொடுக்கும் தையலைப் புகழ்ந்தாள். பிறகு மடித்த கடிதத்தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள்.

"ஒரு ஜட்ஜு குடும்பம் வரேங்குது. வீட்ல யாருக்கும் பிளேக்கு வரலைன்னு, குடியிருந்தவங்க கையாலயே எழுதிக் குடுத்தாத்தான் வருவாங்களாம். உன்னைப் பொய்யா எழுதச் சொல்றேன்? வரலைங்கறது நெஜந்தானே?"

"நெஜந்தான்."

"அப்புறம் என்ன? ரெண்டு வரி. ஜூலைல நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. பழைய வாடகைதான். இந்தப் பொந்துல எப்படித்தான் இருக்கீங்களோ."

"பொந்துல எலிங்கதாம்மா இருக்கும்" என்றாள் கேத்தரின்.

பவுலின் அம்மாளின் முகம் சுருங்கியது. வாசல்படியில் நின்ற ஆம்ப்ரோஸ் இருமினான். இந்த ஈரத்துக்கு வந்ததிலிருந்து அந்த இருமல்.

"எழுதிடேன், கேத்தி" என்றான். "போன உசுரு திரும்பவா போவுது? ஐப்பசி மழைக்கு முன்னாடி நமக்கு ஒரு நல்ல கூரை வேணாமா?"

வேண்டும். அந்த வீட்டின் பெரிய ஜன்னலும், வெளிச்சமும், அவன் மூச்சு விடக் கொஞ்சம் உலர்ந்த காற்றும் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேல் இன்னொன்று வேண்டியிருந்தது. அதற்கு நீதி என்று பெயர் வைக்க ஆசைதான். ஆனால் உள்ளே பார்த்தால் அது நீதி இல்லை, பழி. ஒரு வருஷமாக அவள் ஊட்டி வளர்த்த ஒரே உயிர் அதுதான்.

"பாதி எழுத மாட்டேம்மா. முழுசா எழுதறேன். பிளேக்கு இல்ல, எலியத் தண்ணில அமுக்கிக் கொண்டாந்து போட்டாங்க, அதனால எம்பொண்ணு கொட்டகைல செத்துப்போச்சுன்னு எழுதறேன். கீழ நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

"என்னையே மாட்டி விடறியாடி?" பவுலின் அம்மாளின் குரல் உடைந்தது. "நானே தாலி அறுத்தவ. வாடகைலதான் வயித்தக் கழுவறேன். எல்லாரும் செய்யறதத்தான் செஞ்சேன். மாதா மேல சத்தியமா, புள்ள சாவும்னு நெனைக்கல."

இந்த வார்த்தைக்காகத்தான் கேத்தரின் ஒரு வருஷம் காத்திருந்தாள். வந்துவிட்டது. ஆனால் அதில் அவள் காதில் விழுந்தது 'எல்லாரும்' என்ற ஒரு சொல்தான்.

"எல்லாரும் செய்யறீங்க. அதாம்மா பயமா இருக்கு" என்றாள். "சீசன்காரங்களுக்கு விடுங்க, வேணாங்கல. ஆனா ஒருத்தங்க குடியிருக்கற வீடு வெறும் சுவரில்ல. அவங்க உசுரு அதுக்குள்ள இருக்கு. கூடுதலாக் குடுக்கறவங்களுக்காக அவங்களை வெளிய தள்ளினா, எங்கயோ ஒரு உசுரு போகும். யாரோடதுன்னு தெரியாததால நீங்க நிம்மதியாத் தூங்கறீங்க. என்னோடது யாரால போச்சுன்னு எனக்குத் தெரியும்."

ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி அவன் எழுதச் சொல்லவில்லை.

பவுலின் அம்மாள் தாளை நீட்டியபடியே இருந்தாள். "ரெண்டு வரிம்மா" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

கேத்தரின் அதை வாங்கி, மடிப்புக் கலையாமல் அவள் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"நான் எழுதலம்மா. வெயில் ஏறுது, பாத்துப் போங்க."