இரண்டு பாதங்களின் நடுவே

மூன்றாம் நாளும் பிள்ளை வெளிக்குப் போகவில்லை. ராயபுரத்துக் குடித்தனத்தின் பொதுக் குழாயடியில் தேவகிருபை கால்களை நீட்டி, பாதங்களைச் சற்று விலக்கி, அவற்றின்மேல் ஒன்றரை வயது வேதமாணிக்கத்தை உட்கார வைத்திருந்தாள். அவன் வயிறு கல்லாயிருந்தது. அவள் "ஸ்ஸ்" என்றதும் உடம்பை விறைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவையே பார்த்தான். அது சாத்தியிருந்தது.

அங்கே இருப்பவள் பச்சையம்மா. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கோதண்டத்தின் மனைவி. பிள்ளை பாயை நனைக்கும்போதெல்லாம் தேவகிருபை தொடையில் ஒன்று வைப்பாள். சொந்த ஊரான சாத்தான்குளத்தில் அவளையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பச்சையம்மாவோ அவனைத் தன் வெடித்த பாதங்களில் உட்காரவைத்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். சேலையை நனைத்தாலும் சிரித்துக்கொண்டே கழுவிவிடுவாள். அவளிடம் பழகிய பத்தே நாளில், வயிறு முட்டினால் பிள்ளை பெற்றவளைத் தாண்டி அந்த வாசலுக்கு ஓடத் தொடங்கினான். குடும்ப ஜெபத்தில் ஊரிலுள்ள எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும் தேவகிருபைக்கு அந்த ஒரு பெயர் மட்டும் வாயில் வரவில்லை. "எம் பிள்ளைய நானே பாத்துக்கிடுதேன். நீ தூக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்துதான் அவன் அடக்கிக்கொண்டான்.

இப்போது அவன் முனகினான். அவள் கையை ஓங்கினாள். அடி விழுமுன்பே அவன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். எத்தனை அடியில் இதைக் கற்றிருப்பான்? ஓங்கிய கையைக் கர்த்தரே பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

பச்சையம்மாவைக் கண்டதும் பிள்ளை தாவினான். தேவகிருபைக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் பச்சையம்மா கை நீட்டவில்லை. விளக்கெண்ணெயோடு வந்து வாசலில் குந்தினாள்.

"உன் கால்லயே குந்தட்டும்க்கா. ஆனா அவன் மூஞ்சியவே பாக்காத. நீ போலீஸ்காரனாட்டம் மொறச்சிகினு இருந்தா கொயந்தைக்கு எங்கேந்து வரும்? எதுனா பேசு."

தேவகிருபை அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் பாதங்களில் வைத்தாள். என்ன பேசுவது? ஊர்ப் பனையில் கண்ட அணிலைப் பற்றித் தடுமாறிச் சொல்ல ஆரம்பித்தாள். பச்சையம்மா பிள்ளையின் தொப்புளைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொண்டே "ம்" கொட்டினாள். அணில் மூன்று தடவை மரம் ஏறி இறங்கிற்று. அவன் உடம்பு மெல்லத் தளர்ந்தது.

பிள்ளை வெளிக்குப் போய், அது வெதுவெதுப்பாக அவள் குதிகால்வரை வழிந்தபோது தேவகிருபை காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் ஒரு கை பச்சையம்மாவின் முந்தானையைத்தான் பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அணிலை நான்காம் தடவையாக மரத்தில் ஏற்றினாள்.