கரைப்பான் மேல் விழுந்த பழி

1

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் மனைவி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் கழிவு கேனில் பிறந்தது. எழுதச் சொன்னவளும் அவளே. எழுதாமல் வீட்டில் குப்பை கொட்ட முடியாது.

தொடக்கம் ஒன்று: ஆல்கேன்களும் அரோமேட்டிக்குகளும் கலந்து வாழ்ந்த குடுவையில், கரைப்பான் என்றொரு காதலன் நுழைந்து...

"காதலனா? தூக்கிப் போடுங்க அத," என்றாள், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள்.

(போட்டுவிட்டேன். ஆனால் அழிக்க மனம் வரவில்லை.)

2

நேராகவே சொல்கிறேன். பெட்ரோல் மாதிரியான எண்ணெயில் ஆல்கேன்களோடு பென்சீன், டொலுவீன் முதலான அரோமேட்டிக்குகளும் கலந்து கிடக்கும். கரைப்பானை ஊற்றிக் குலுக்கினால் அது அரோமேட்டிக்குகளை மட்டும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். ஆல்கேன்கள் மேலே நிற்கும். அடியில் இருப்பதுதான் சரக்கு.

என் மனைவியின் பழைய வேலையில் எல்லாம் தலைகீழ். அங்கே அடியில் தங்கியது வெறும் தண்ணீர். அடிக்குழாயைத் திறந்து அதைக் கொட்டிவிட்டு, மேலே இருப்பதைப் பத்திரப்படுத்துவாள். புது வேலையிலும் பழகிய கை அதையே செய்துவிட்டது. சரக்கு கழிவு கேனுக்குப் போனது. ஆல்கேன், 'பிரித்தெடுத்த அரோமேட்டிக்' என்ற சீட்டோடு, எதில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் கருவிக்குப் போனது. இதில் அரோமேட்டிக் இல்லவே இல்லை என்றது கருவி.

அந்தக் கரைப்பான், ஆய்வுக்கூடத் தலைவி வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியது. முடிவைப் பார்த்தவர், கரைப்பான் எதையுமே இழுக்கவில்லை என்று நினைத்து, "சரி, இத்தோட மூட்டை கட்டிருவோம்," என்றாராம். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் இவளுக்கு உறைத்திருக்கிறது.

3

கொட்டியது யார்? கதாசிரியனுக்குத் தாராள மனசு. முதலில் ஒரு பூனையை...

"லேப்ல ஏதுங்க பூனை?"

சரி, பக்கத்து மேசைக்காரர்.

"பாவம், அவர் லீவுல இருந்தாரு."

அப்படியென்றால் கருவியே பழுதாகி...

"நான்தான் கொட்டினேன். அப்படியே எழுதுங்க."

"நேர்லயே போய்ச் சொல்லேன்."

"அடுத்த வாரம்தான் என் வேலைய நிரந்தரம் பண்ணப் போறாங்க. மேடம் முகத்தப் பார்த்தா எனக்குப் பேச்சே வராது. நீங்க அனுப்புற கதைய ஒண்ணு விடாம படிக்கிறது அவங்க ஒருத்தங்கதான்."

எனக்கு இருப்பதே ஒரு வாசகிதான் என்பதை இப்படியா போட்டு உடைப்பது? 'வாசகர்களே' என்று பன்மையில் அழைத்ததெல்லாம் சும்மா பந்தா.

4

முடிவு அ: தலைவி இவளை வீட்டுக்கு அனுப்புகிறார். (எழுதவே பயமாக இருக்கிறது.)

முடிவு ஆ: தலைவி சிரித்துவிட்டு... (எனக்கே நம்பிக்கை இல்லை.)

மேடம், இதை நீங்களே முடித்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. கருவி பார்த்தது மேலே நின்ற ஆல்கேனை. அதில் அரோமேட்டிக் துளியும் மிச்சமில்லை. அத்தனையையும் உங்கள் கரைப்பான் எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் மேடம்.

அடுத்த அறையில் இவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திட்டுவதற்காகவாவது கூப்பிடுங்கள்.