ஜெயமலரின் தட்டு

"உங்கட வைஃப் மல்நரிஷ்ட், அங்கிள். உடம்பில போதிய சத்தில்லை" என்று டொக்டர் நிலக்சி சொன்னதும் அன்புராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி சேலைன் ஏற்றிய கையோடு துவண்டு கிடக்கும்போது சிரிக்கக்கூடாதுதான். ஆனால் புலம்பெயர்ந்து வந்த இந்த ஸ்ரௌவ்வில் நகரில் பாதித் தமிழ் வீடுகளுக்கு இடியப்பமும் சம்பலும் ஜெயமலரின் அடுப்பிலிருந்தல்லவா போகின்றன! அவளுக்கா சத்தில்லை?

"இவ வீட்டில சமையல் ஓடர் செய்யிறவ, டொக்டர். எங்களுக்குச் சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம்?"

சில நாட்களாக ஓயாத வயிற்றுப்போக்கு. இன்று காலை குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவள் முனகியது ஒன்றைத்தான்: "என்ர சாப்பாடு எடுத்த ஆக்களைக் கேளுங்கோப்பா. ஒருதருக்கெண்டாலும் இப்பிடி வந்திருந்தா என்ர பேர் போச்சு."

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று ஒவ்வொருவராகப் போனில் அழைத்தான். கடைசியாக, வாரம் தவறாமல் சாப்பாடு எடுக்கும் கிளடிஸ் அன்ரி.

"எனக்கென்ன தம்பி? கத்தரிக்காய்ப் பால்கறிச் சட்டியைக்கூட வழிச்சுத் துடைச்சிட்டன். ஏன், இந்தக் கிழமையும் ஓடர் எடுக்கிறாவோ?"

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதே சாப்பாடு, ஊரெல்லாம் சுகம், சமைத்தவள் மட்டும் கட்டிலில். அது எப்படி என்று டொக்டரிடமே கேட்டான்.

"அவ அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவவோ?"

"சாப்பிட்டிருப்பாதானே."

"அவ சாப்பிட்டதை நீங்கள் கடைசியாக் கண்டது எப்ப, அங்கிள்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். அகப்பை பிடித்த அவளுடைய கை ஞாபகத்துக்கு வந்தது. பெட்டிகளில் சம்பல் அள்ளி மூடி அழுத்துகிற விரல்கள் வந்தன. 'நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்' என்கிற குரல் வந்தது. சாப்பிட்டு, கை கழுவி, விடியப் பிறம்ரன் நகருக்குப் போய் ட்ரக் ஓட்டவேண்டும் என்று அவன் படுக்கப் போய்விடுவான். அவள் வாயில் ஒரு கவளம் போன காட்சி மட்டும், எவ்வளவு தேடியும் வரவில்லை.

"குடலுக்குள்ள கோடிக்கணக்கில நல்ல பக்றீரியா இருக்கு. பருப்பு, கீரை, மரக்கறியில இருக்கிற நார்தான் அதுகளின்ர சாப்பாடு" என்றாள் டொக்டர். "அதைக் குடுக்காட்டி நல்லதுகள் குறைஞ்சு போகும். மிச்சம் இருக்கிறதுகள் குடல் சுவரில பூசியிருக்கிற பாதுகாப்புச் சளிப் படலத்தையே தின்னத் தொடங்கும் எண்டு ஆராய்ச்சியில கண்டிருக்கினம். சத்தில்லாட்டி எதிர்ப்புச் சக்தியும் விழுந்திடும். பிறகு ஒரு சின்னக் கிருமி போதும். எங்களுக்கு வந்தா ரெண்டு நாளில போயிடும். இவவுக்குப் போகேல்லை."

தின்னுமாம். தன் மனுசியின் குடலை அவளுக்குள்ளேயே இருப்பவை தின்னுமாம்.

ஜெயமலர் கண் திறந்தாள். "சனத்துக்கு ஏதும்...?"

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை. நீர் என்னத்தைச் சாப்பிட்டனீர்?"

"சமைக்கிற மணத்திலயே வயிறு நிரம்பிப் போயிடுமப்பா. ஒரு வெறுந்தேத்தண்ணி, பாண் துண்டு... அது காணும்."

"எப்ப தொடக்கம்?"

"ஓடர் துவங்கின நாள் தொடக்கம்."

மார்க்கம் நகரில் ஒரு கல்யாண வீட்டில், பழைய சட்டை தொளதொளக்க அவள் வந்து நின்றபோது, 'மெலிஞ்சு வடிவாயிட்டீர்' என்று அவன்தான் காதுக்குள் சொன்னான். அவள் வெட்கப்பட்டாள்.

கிருமி அடங்கி வீடு திரும்பியபின், சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தபடி, அவனே குழைந்த சோறும் பருப்பும் கொஞ்சம் பூசணிக்காயும் சமைத்து வைத்தான். போன் அடித்தது. கிளடிஸ் அன்ரி.

"இண்டைக்கு ஒரு ஓடர்தான் அன்ரி. அது வீட்டுக்குள்ளயே போகுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அவளுக்கு எதிரே இருந்தான்.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ. நான் பிறகு..."

"வாயை மூடும். இல்லை, திறவும்!"

அவள் ஒரு வாய் வைத்தாள். "பருப்புக்கு உப்புப் போட மறந்திட்டியள்."

"சாப்பிடும்."

மெல்ல மென்றாள். அவன் கண்ணெடுக்கவில்லை.

"என்னப்பா, பொம்பிளை பாக்க வந்த மாதிரிப் பாக்கிறியள்?"

"அண்டைக்குப் பாத்ததுக்குப் பிறகு இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றான்.

அவள் இரண்டாவது வாயை எடுத்து விழுங்கும்வரை அவன் தன் தட்டில் கை வைக்கவில்லை.