தனித்தனியாக அமர நேரிடலாம்

மார்ச் 11, செவ்வாய்

1

முதலில் ஒரு திருத்தம். நேற்று மாலை எழுத்து வகுப்பில் நான் வாசித்த பக்கத்தில், மாமா விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். அது தவறு. அவர் உட்கார்ந்தது ஏழாம் வரிசையின் நடு இருக்கை. ஜன்னலோரம் தனியாகப் பணம் கட்டியவர்களுக்கு உரியது. விமான நிறுவனத்தில் வேலை பார்க்கும் நான் இதை மறந்திருக்கக் கூடாது. பக்கத்துக்கு ஒரு மேகம் தேவைப்பட்டது. ஆளைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டேன்.

வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உறைத்தது. அடுத்தவர் வசதிக்காக அவர் இடம் மாற்றி உட்காரவைக்கப்படுவது ஒரே வாரத்தில் இது இரண்டாவது தடவை.

ஆசிரியை கொடுத்த பயிற்சி இதுதான்: உங்களை உலுக்கிய ஒன்றை எழுதுங்கள், ஆனால் அதிர்ச்சி என்ற சொல் வரக் கூடாது. (வந்துவிட்டது. இதோடு சரி.)

2

தொடக்கங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "ஒரு காலத்தில் விமானப் பயணம் என்பது" (விட்டுவிட்டேன். கட்டுரைப் போட்டி வாசனை.)

இரண்டு: "என் அத்தை அழுததை நான் இதுவரை" (பொய். அவர் போனில் அழவில்லை. அழுதிருந்தால் எழுதுவது சுலபம்.)

மூன்று: "எங்கள் அலுவலக முகப்பில், கயிறு கட்டிய வட்டத்துக்குள், பழைய விமான இருக்கைகள் இரண்டு ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அதில் பொய் இல்லை. தடித்த மெத்தை, அகலமான கைப்பிடி, தலைக்கு வெள்ளைத் துணி. விருந்தினர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உட்காரக் கூடாது. நேற்றுக் காலை தையல் டேப் கொண்டுபோய் இரண்டுக்கும் நடுவே அளந்தேன். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, சீட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

முப்பத்தாறு அங்குலம். இன்று நாங்கள் பறக்கவிடும் விமானங்களில் இருபத்தெட்டு. போனது எட்டு அங்குலம், ஏறக்குறைய ஒரு சாண். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சாணை உருவினால் பின்னால் ஆறேழு புது வரிசைகள் முளைக்கும். உருவிய அந்தச் சாணையே முன்பக்கம் சில வரிசைகளில் திரும்பச் சேர்த்து, "கால் நீட்டும் இருக்கை" என்று கூடுதல் விலைக்கு விற்கிறோம்.

(குறிப்பு: அத்தை உட்கார்ந்தது இருபத்தொன்பதாம் வரிசை. பழைய அளவில் அந்த விமானம் இருபத்து மூன்றோடு முடிந்திருக்கும். மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தையைப் பழைய விமானத்தில் எங்கேயும் உட்காரவைக்க முடியவில்லை.)

3

என் வேலையைச் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கும் திரையில் வரும் சின்னச் சின்ன வாக்கியங்களை எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வகை எழுதுவோம். பாதிப் பேருக்கு அ, பாதிப் பேருக்கு ஆ. இரண்டு வாரம் கழித்து எது அதிகம் சம்பாதித்ததோ அது நிற்கும், மற்றது அழியும்.

சேர்ந்த முதல் மாதம் நான் எழுதியவை:

அ: சேர்ந்து பயணிப்பவர்கள் அருகருகே இடம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆ: இடம் தேர்ந்தெடுக்காவிட்டால் நீங்கள் தனித்தனியாக அமர நேரிடலாம்.

ஆ ஜெயித்தது, சாதாரணமாக இல்லை, நாலு மடங்கு. என் மேஜையில் கேக் வெட்டினார்கள். அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் "நேரிடலாம்". அந்த நாட்களில் அந்த வாக்கியம் வெறும் பூச்சாண்டி. பணம் கட்டாவிட்டாலும் ஒரே டிக்கெட்டில் வருபவர்களை எங்கள் கணினி சேர்த்தேதான் போடும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அத்தைக்கு அப்படிச் சொன்னேன்.

4

அத்தை, அப்பாவின் தங்கை. மாமா முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டர். இரண்டு வருடமாக அவருக்கு மறதி. பல் தேய்த்தது மறக்கும், சாப்பிட்டது மறக்கும், மகளுக்குக் கல்யாணம் ஆனது மறக்கும். அத்தையை மட்டும் மறந்ததில்லை. குளியலறைக்குள் அத்தை போனால் கதவுக்கு வெளியே நிற்பார். மகளுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்க, முதல் முறையாக இருவரும் விமானம் ஏறினார்கள். மூன்று வாரம் முன்பு அத்தை போன் செய்தார்.

"ஏன்டி, தனித்தனியா உட்கார நேரிடலாம்னு சிவப்பு எழுத்துல வருது. கட்டிடவா?"

"அதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுக்கு அத்தை. ஒரே டிக்கெட்ல ரெண்டு பேர்னா சேர்த்துத்தான் போடுவாங்க."

"நல்லாத் தெரியுமா?"

"எங்க ஆபீஸ்தானே."

"அதுவும் சரி. நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்."

அந்தச் சிவப்பு எழுத்தை எழுதியது நான் என்று சொல்லவில்லை. சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் வாக்கியமில்லை அது.

சனிக்கிழமை பறந்தார்கள். ஞாயிறு அத்தை பேசினார். குறித்துக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

"கவுண்டர்ல சீட்டு வந்தா அவருக்கு ஏழு, எனக்கு இருபத்தொன்பது. கேட்டேன். ப்ளைட்டுக்குள்ள போய்ச் சொல்லுங்கன்னாங்க. அவரை உட்காரவெச்சு பெல்ட் மாட்டறதுக்குள்ள பின்னாடி நிக்கறவங்க தள்ளறாங்க. பின்னாடி இருந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுகிட்ட சொன்னேன். எல்லாரும் உட்காரட்டும், பார்க்கலாம்னா. அப்புறம் யாரு பார்த்தா? கொஞ்ச நேரத்துல அவர் குரல் கேக்குதுடி. 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு. எந்திரிச்சேன். நடுவுல சாப்பாட்டு வண்டி. ஆளு நுழைய இடமில்ல. வித்து முடிச்சதும் வாங்கங்கறாங்க. அது முடியறதுக்குள்ள பெல்ட் லைட் எரிஞ்சிடுச்சு."

"இப்ப மாமா எப்படி இருக்கார்?"



"இறங்கினதும் ஓடிப்போய்க் கையப் பிடிச்சேன். என்னைப் பார்த்து, 'உங்ககூட வந்தவங்க எங்கம்மா?'ன்னு கேட்டார். நேத்துலேருந்து அதேதான். மரியாதையா, வாங்க போங்கன்னு பேசறார். டாக்டர் சரியாகலாம்கறார். ஆகாமலும் போகலாமாம்." பிறகு, "உன்மேல ஒண்ணும் இல்லடி. நான்தான் கஞ்சத்தனம் பண்ணிட்டேன்" என்றார்.

5

திங்கள் காலை, இருக்கை ஒதுக்கும் கணினி விதிகளை எழுதுபவனிடம் போனேன். ஆட்களைக் கட்டம் கட்டமாக நகர்த்துவதால் அவனுக்குச் சதுரங்கம் என்று பெயர். நல்ல பையன். என் தலைவலிக்கு மாத்திரை வைத்திருப்பவன்.

"பணம் கட்டலைன்னாலும் சேர்த்துத்தானே போடுவோம்?"

"அது போன வருஷம். இப்ப பிரிச்சுத்தான் போடறோம்."

"இடம் இல்லாம போனா பிரிப்பீங்களா?"

"இடம் இருந்தாலும்."

"ஏன்?"

சதுரங்கம் நாற்காலியைத் திருப்பினான். பொறுமையாகத்தான் விளக்கினான். "ஒரு டிக்கெட் வித்தா நமக்கு என்ன மிஞ்சும்னு நினைக்கற? கீழ மெஷின்ல ஒரு டீ. மத்தது எரிபொருளுக்கும் சம்பளத்துக்கும் போயிடும். லாபம் டிக்கெட்ல இல்ல, டிக்கெட்டைச் சுத்தி இருக்கு. பெட்டி, சாப்பாடு, சீட்டு. உன் வாக்கியத்தைப் படிச்சுப் பயந்தவங்க கட்டினாங்க. பயப்படாதவங்க சும்மாவே சேர்ந்து உட்கார்ந்தாங்க. அது கட்டினவங்களுக்குச் செய்யற அநியாயம் இல்லையா?"

நான் அவன் திரையில் இருந்த கட்டங்களைப் பார்த்தேன்.

"யோசிச்சுப் பாரு," என்றான். "நீ எழுதினப்ப அது பொய். நாங்க அதை உண்மையாக்கிட்டோம். நீ எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்."

(இந்த இடத்தில் என் நிலையை வர்ணிக்க ஒரு பத்தி எழுதினேன். கால், தரை, நழுவுதல் என்று வந்தது. அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: டீ மெஷினுக்குப் போய், இரண்டு டீ எடுத்து, ஒன்றை அவனிடம் கொடுத்தேன்.)

6

வகுப்புக்காக நான் எழுதிய பக்கத்தில் மேகத்தைத் தவிர இன்னொரு கற்பனையும் இருந்தது. "உள்ள போங்க" என்ற குரலை மட்டும்தான் அத்தை கேட்டார். மற்றதை நான் எழுதினேன். மாமா எழுந்து நடைபாதையில் நிற்கிறார். தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியைப் பார்க்கிறார். பக்கத்து இருக்கைப் பையனிடம், "தம்பி, நீங்க கொஞ்சம் இங்க வந்துடுங்க. அம்மாவும் பொண்ணும் ஒண்ணா உட்காரட்டும்" என்கிறார். பையன் மாறுகிறான். மாமா அடுத்த வரிசைக்குப் போகிறார். பஸ்ஸில் அவர் தினமும் செய்தது அதுதான். பள்ளிக்குப் போகும்போது நானே பார்த்திருக்கிறேன்.

"ப்ளைட்டுக்குள்ள பஸ்ஸை ஓட்டிட்டியேம்மா," என்றார் பின்வரிசையில் உட்காரும் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம் நம்பறேன்மா. இது மட்டும் ஜோடிச்ச மாதிரி இருக்கு. நிஜத்துல இப்படி நடக்காது. எடுத்துடு."

சரியென்று எடுத்துவிட்டேன்.

7

இன்று காலை பிரிவுக் கூட்டம். பிரிவுத் தலைவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். சனிக்கிழமை விமானத்தின் பணிக்குழு எழுதிக் கொடுத்த அறிக்கை. அவருக்கு என் மாமாவைத் தெரியாது. எனக்கு மாமா உண்டு என்பதே தெரியாது.

"ஏழாம் வரிசை. முதியவர், ஆண். புறப்பட்ட முப்பதாவது நிமிடம் இருக்கையை விட்டு எழுந்தார். தன்னைப் பேருந்து நடத்துநர் என்று கூறினார். மற்ற பயணிகளை இடம் மாறி அமரச் சொன்னார். மூன்று பயணிகள் மாறினர். ஒரு தாயும் குழந்தையும் அருகருகே அமர்ந்தனர். பிறகு பயணி தன் இருக்கை எது என்று அறியாமல் நின்றார். அமரவைக்கப்பட்டார். இருக்கை ஈரமானதால் மெத்தை அகற்றப்பட்டது. அவரது மனைவியும் அதே விமானத்தில் பயணம் செய்தது தரையிறங்கிய பிறகே தெரியவந்தது."

அத்தை ஏறியதுமே பணிப்பெண்ணிடம் சொன்னது அறிக்கையில் இல்லை. மற்றபடி நான் எழுதி, எடுத்த பகுதி அது. (நான் எழுதும் பொய்கள் உண்மையாவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேக் வெட்டினோம்.)

"இதுல ஒரு வாய்ப்பு இருக்கு," என்றார் தலைவர். "மறதி உள்ளவங்களைக் கூட்டிட்டு வர்ற குடும்பங்கள் நிறைய. 'துணை இருக்கை'ன்னு தனியா ஒரு திட்டம். பக்கத்து சீட் உறுதி, அதுக்கு ஒரு கட்டணம். நேரிடலாம், இது உனக்கான வேலை. ரெண்டு வகை எழுதிக்கிட்டு வா. நாளைக்குப் பத்து மணி."

"அவர் மனைவி எந்த வரிசை?" என்று கேட்டேன்.

"அது ரிப்போர்ட்ல இல்லையே. ஏன்?"

"இருபத்தொன்பது," என்றேன்.

"பாத்தீங்களா," என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "கதை கிளாஸ் போறது வீண்போகலை."

சதுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேஜையைப் பார்த்தான்.

8

முடிவுகள்.

அ: நாளைக் கூட்டத்தில் வெற்றுத் தாளை வைக்கிறேன். ஏழாம் வரிசைக்காரர் யார் என்று சொல்கிறேன். அறை அமைதியாகிறது. சதுரங்கம் எழுந்து தன் விதியை மாற்றுகிறான். அடுத்த விமானத்திலிருந்து எல்லோரும் சேர்ந்து (இதை எழுதும்போதே என் பேனா நம்பவில்லை.)

ஆ: மிக நல்ல வாக்கியம் ஒன்று எழுதுகிறேன். எட்டே சொல். ஐந்து மடங்கு ஜெயிக்கிறது. கேக்.

வழக்கப்படி உங்களில் பாதிப் பேருக்கு அ, மீதிப் பேருக்கு ஆ காட்ட வேண்டும். இன்னொரு வகை இருப்பதே உங்களுக்குத் தெரியக் கூடாது. இரண்டையும் காட்டிவிட்டேன், எங்கள் தொழிலில் இது பெரிய குற்றம். எது நடக்கும் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் எது ஜெயித்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அத்தையும் மாமாவும் திரும்புகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளை இன்று சாயங்காலம் நானே பணம் கட்டி எடுத்தேன். கட்டுவதற்கு முன் திரையில் சிவப்பு எழுத்தில் என் வாக்கியம் வந்தது. எழுதியவள் நான். படித்ததும் பயமாக இருந்தது. உடனே கட்டினேன்.

அத்தை என்ன சொல்வார் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் திட்டுகிறார். ஒன்றில் "விடுடி" என்கிறார். ஒன்றில் போனை வைத்துவிடுகிறார். மூன்றையும் கிழித்துவிட்டேன். நான் எழுதி அது நடந்துவிட்டால் என்ன செய்வது? அத்தையின் பதிலை அத்தையே சொல்லட்டும்.

நாளை, புதன்: பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு முன், ஒன்பது மணிக்கு, அத்தைக்குப் போன் செய்து, அந்தச் சிவப்பு எழுத்தை எழுதியது நான் என்று சொல்ல வேண்டும்.