பாதி முட்டை

கருத்தக்கண்ணன் தட்டைப் போட்டு உட்கார்ந்தால்தான் சீனி தன் கும்பாவில் வாய் வைக்கும். பேரையூர்ப் பக்கம் அந்தத் தெரு முழுக்க இது தெரியும். காசு கொடுத்து வாங்கிய நாயெல்லாம் இல்லை. நாட்டுச்சர்க்கரை நிறத்தில் ஒரு தெருநாய்க் குட்டி. அவர் மனைவி ஜெயக்கொடி பருத்தி எடுக்கப் போன இடத்திலிருந்து மடியில் போட்டுத் தூக்கி வந்தது.

அந்த ஜெயக்கொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் பொசுக்கென்று போய்ச் சேர்ந்தாள். மனுஷன் அன்னம் தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சொந்தபந்தம் வந்து ஆளுக்கொரு புத்தி சொன்னது. புத்தி சொல்வதற்கு என்ன, வாய்தானே வலிக்கும். சீனி மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவர் முதுகை ஒட்டிப் படுத்தது. அதற்கு வைத்த சோறும் வைத்தபடி காய்ந்தது. அதன் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் சாகிறது இருக்கட்டும், இந்த வாயில்லாச் சீவனை எதற்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுந்து, பழைய சோற்றைப் பிழிந்து ஒரு வாய் போட்டார். சீனியும் எழுந்து கும்பாவுக்குப் போனது.

அன்றைக்குப் பிடித்த பழக்கம். கல்யாண வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தாலும் வீட்டில் இன்னொரு தரம் உட்கார்ந்து பேருக்கு ஒரு பிடி தின்பார். 'வீட்டம்மா சாப்ட்டாச்சாண்ணே?' என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. தண்ணீர் பாய்ச்சப் போனால் வரப்பில் முன்னால் ஓடவும், மழை ஏமாற்றியதைச் சொன்னால் காதைத் தூக்கிக் கேட்கவும் அவருக்கு ஓர் ஆள் இருந்தது. கேலி பேசியவர்களில் பாதிப் பேருக்கு அது இல்லை.

அவருடைய ஒரே மகள் திவ்யாவைக் கோயம்புத்தூரில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி நெடுநாள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, சுற்றாத கோயில் இல்லை. இந்த வருஷம் தையில்தான் நல்ல சேதி வந்தது. பிள்ளை குறையில்லாமல் பிறக்க வேண்டும் என்று கருத்தக்கண்ணன் ஊர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டார். பங்குனிப் பொங்கலுக்கு அவர் கையில் மஞ்சள் காப்பு ஏறியது.

காப்புக் கட்டிவிட்டால் சும்மா இல்லை. ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு சொந்த வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு, பகலில் பச்சைத்தண்ணீர்தான். கவிச்சி வாடையே ஆகாது. சீனியும் அவரோடு சேர்ந்து ஒருவேளைக்கு மாறிக்கொண்டது. அதற்கு யார் காப்புக் கட்டினார்களாம்!

திருவிழாவுக்கு இடையில் சீனி சுருண்டு படுத்துவிட்டது. வாந்தி, தண்ணீர் தண்ணீர் என்று தவிப்பு. அதே தெரு அழகுபாண்டியின் லோடு ஆட்டோவில் போட்டுப் பசுமலையில் ஒரு நாய் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். கர்ப்பப்பையில் சீழ் வைத்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றாள் அந்த அம்மா. முடிந்ததும், ராத்திரி யாராவது கூட இருங்கள் என்றாள். அவர் காப்புக் கையைக் காட்டினார். மயக்கம் தெளியாத அதன் நெற்றியில் கை வைத்து, "போயிட்டு வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பினார். வழி நெடுக அவருக்கு ஆறவில்லை.

காலையிலேயே போன் வந்தது. தையல் நன்றாக இருக்கிறது, ஆனால் யார் ஊட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, இப்படியே கிடந்தால் தாங்காது, வந்து உங்கள் கையால் கொடுத்துப் பாருங்கள் என்றாள் டாக்டரம்மா.

பசுமலைக்குப் போனதும் அவித்த முட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் பிட்டு நீட்டினார். சீனி அவர் விரலை நக்கியது. முட்டையைத் தொடவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவருக்குப் புரிந்துபோனது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க, வெறும் வாயை மென்று காட்டினார். ம்ஹூம். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதற்கு இது தெரியாதா? கண்ணை மூடித் தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

கருத்தக்கண்ணன் கையைப் பார்த்தார். மஞ்சள் காப்பு. அதற்குக் கீழே முட்டை. அந்தப் பக்கம் திவ்யாவின் வயிறு, இந்தப் பக்கம் இது. எந்தப் பாவிக்கும் வரக் கூடாத இக்கட்டு. கடைசியில், 'ஆத்தா, கேக்குறத எங்கிட்டக் கேளு, எம் மகள விட்டுரு' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பாதி முட்டையை வாயில் போட்டு மென்று விழுங்கினார். சீனி தலையைத் தூக்கியது. மீதிப் பாதியை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்துத் தின்றது. வாலும் லேசாக ஆடியது. மனுஷன் அங்கேயே முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தீச்சட்டி எடுத்தார். ஊர் குலவை போட்டது. சீனி பிழைத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சித்திரை முடிவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து போன். பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே அதற்கு இதயம் சரியில்லை, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னதை மாப்பிள்ளை பொறுமையாக எடுத்துச் சொன்னார். கருத்தக்கண்ணன் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். காதில் விழுந்ததே தவிர நெஞ்சில் இறங்கவில்லை. நெஞ்சில் அந்தப் பாதி முட்டை கிடந்தது.

திவ்யாவைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். தாயில்லாத வீடு. அவள் அப்பன் படுத்த அதே சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவள் முதுகை ஒட்டிச் சீனி படுத்துக்கொண்டது. அவர் ரசம் வைத்துச் சோறு போட்டு வைப்பார். அவள் தொடமாட்டாள். அவருக்கும் இறங்காது. தையல் இப்போதுதான் ஆறிய நாய், அதுவும் கும்பாப் பக்கம் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் திவ்யா புரண்டு அந்தக் கும்பாவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா இது சாப்பிட மாட்டேங்குது?"

"நீ சாப்புடலேல்ல. நானும் சாப்புடல. அதேன்."

அவள் சீனியின் வயிற்றைத் தடவினாள். மயிர் மழித்த இடத்தில் தழும்பு தட்டுப்பட்டது. ஒன்றையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள்.

"அப்ப பசுமலையில யாருப்பா இது கூட ஒக்காந்து சாப்ட்டா?"

அங்கே வேலை பார்க்கிறவர்கள் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பெற்ற மகள் முகத்தைப் பார்த்து அது வெளியே வரவில்லை.

"நாந்தேன்த்தா."

"காப்புக் கையோடயா?"

"ஆமா. பாதி முட்டை."

திவ்யா அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். காப்பு அவிழ்த்து நாளாகியிருந்தது. திட்டுவாள், கதறுவாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. சீனி எழுந்து அவள் தோளில் மூக்கை வைத்தபடி நின்றது.

வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன ரசச்சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. சீனி கும்பாவரைக்கும் போனது. மோந்தது. தொடாமல் திரும்பிக் கருத்தக்கண்ணனைப் பார்த்து நின்றது.

"சாப்பிடுங்கப்பா," என்றாள் திவ்யா, அவர் முகத்தைப் பார்க்காமல். "அது ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்குது."

அவர் தட்டை இழுத்து ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் சீனி அசையவில்லை.