இருநூற்றுப் பதினாலு சிவப்பு வரிகள்

எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், எப்படியும் போகப் போகத் தெரியத்தான் போகிறது.

பேர் கோபிநாத். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். பையன்கள் "சார்" என்பார்கள். இலுப்பூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டும் சேர்ந்து தலைக்கு ஏறியிருந்தது. ஏறியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

சித்திரையில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை அடைத்து, டிவி ஷோகேஸில் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது 'பெட்டி'. வீட்டிலிருக்கிற போன், டிவி, லேப்டாப் எதுவானாலும் ஒரு வெப்சைட்டுக்குப் போகவேண்டுமென்றால் முதலில் பெட்டியிடம் வழி கேட்கவேண்டும். பெட்டியிடம் ஒரு தடைப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கிற முகவரியைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கையை விரித்துவிடும். விளம்பரம், சூதாட்டம் எதுவும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று வரி வரியாகக் குறித்தும் வைக்கும். விட்டது பச்சை, மறித்தது சிவப்பு.

பட்டியலை நானா எழுதினேன்? வெளிநாட்டுக்காரன் எவனோ போட்டுவைத்திருந்ததை அப்படியே இறக்கிக்கொண்டேன். இருபது லட்சம் முகவரி. ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. ஆனால் லேபில் ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேசினேன்.

அடையாளம் தெரிய வேண்டுமென்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு பேர் வைத்தேன். என் லேப்டாப் 'பாஸ்'. டிவி 'பெருசு'. இரண்டாவது படிக்கிற மகள் இலக்கியாவின் டேப் 'குட்டி'. மனைவி பிரகதாம்பாளின் போனுக்கும் ஒரு பேர் வைத்தேன். வைஃபை பாஸ்வேர்டை அவள் மூன்று தடவை தப்பாக அடித்த எரிச்சலில் வைத்தது. வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

பெட்டிக்கு ஒரு நோய் இருந்தது. அதற்கென்று நல்ல சார்ஜர் வாங்காமல், வீட்டில் கிடந்த பழைய போன் சார்ஜரை மாட்டியிருந்தேன். கரன்ட் போதாமல் வாரத்துக்கு ஒரு தரமாவது பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். பெட்டி கிடந்தால் வீட்டில் எதுவும் ஓடாது. நான் காலேஜிலிருந்து போன் போட்டு அதட்டுவேன், பிரகதா ஏதாவது செய்து எழுப்பிவிடுவாள். ஒரு தடவை என் லேப்டாப்பில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். சொன்னபடி செய்தாள். நான் சபாஷ் எல்லாம் சொல்லவில்லை.

ஐப்பசியில் அந்த அறிவிப்பு வந்தது. நம் மாவட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் உதவியாளர் வேலை. பிரகதா பி.காம். கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்பது வருஷம் அந்தப் படிப்பு பீரோவுக்குள் கிடந்தது. அவளுக்கு வயது வரம்புக்குள் இதுதான் கடைசி வாய்ப்பு. மூன்று மாதமாகவே எதிர்வீட்டு மாஹிராவோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மாஹிரா அன்னவாசலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பத்தே நிமிஷத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டாள். பிரகதா வீட்டிலேயே போனில் போட உட்கார்ந்தாள்.

"என்னங்க, பாரமெல்லாம் நெரப்பிட்டேன். பணம் கட்டுற எடத்துல வெள்ளையா நின்னுருது."

"சைட்டு லோடா இருக்கும். நாளைக்குப் போடு."

மறுநாளும் அதேதான். "எத அமுக்குன?" என்றேன். "அமுக்குறதத்தான் அமுக்குனேன்" என்றாள். நாலாம் நாள், "ஒனக்கு ஒரு பட்டன ஒழுங்கா அமுக்கத் தெரியல, ஆபீஸ்ல போயி என்னத்தக் கிழிக்கப்போற?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் வீட்டு ஆட்கள் வந்திருந்தபோது அதையே இன்னொரு தரம் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

"நானும் அன்னவாசல் சென்டருக்குப் போயிட்டு வரவா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் சார் பொண்டாட்டி பிரவுசிங் சென்டர்ல போயி நின்னா ஊரே சிரிக்கும். வீட்லயே பொறுமையா போடு."

பதினோரு நாள். ஒரு நாளாவது, ஐந்து நிமிஷமாவது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தே முக்காலோடு முடிகிறது. எங்கள் காலேஜுக்கு மட்டும் லீவு. மச்சான் முத்துராஜ், பிரகதாவின் அண்ணன், கடலைக்காய் மூட்டையோடு மதியமே வந்திருந்தார். இரண்டரை மணிக்கு கேஸ் தீர்ந்துபோக, லேப்டாப்பில் சிலிண்டர் புக் பண்ண உட்கார்ந்தேன். பணம் கட்டுகிற இடத்தில் வெள்ளையாக நின்றது.

என் வேலை நின்றால் எனக்கு எங்கே பார்க்க வேண்டுமென்று உடனே தெரிந்துவிடுகிறது! பெட்டியின் குறிப்பைத் திறந்தேன். 'பாஸ்' கேட்ட முகவரி சிவப்பில் இருந்தது. பணம் கட்டும் பக்கத்தின் முகவரி. என் தடைப் பட்டியலில் அதுவும் இருந்திருக்கிறது. கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

இதே முகவரியை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தட்டினேன். திரை முழுக்கச் சிவப்பாக இறங்கியது. மேலே எண்ணிக்கை, இருநூற்றுப் பதினாலு. ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை, இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள். ஒரு நாள் காலை ஐந்து மணிக்குக்கூட. சைட்டில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்து எழுந்திருப்பாள் போல. அவள் எதையும் தப்பாக அமுக்கவில்லை. இருநூற்றுப் பதினாலு தரமும் என் பெட்டி அவளுக்குக் கையை விரித்திருக்கிறது.

அத்தனை வரியிலும், கேட்டவர் பேர் இருக்கிற இடத்தில், நான் வைத்த பேர் இருந்தது. 'மக்கு'.

அறையில் யாரும் இல்லை, ஆனாலும் லேப்டாப்பைப் பாதி மூடினேன். அப்புறம் திறந்து, அந்த முகவரியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா?

"பிரகதா, இங்கிட்டு வா. சரி பண்ணிட்டேன். இப்பப் போடு, போவும்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த முத்துராஜ் மச்சான் தொடையைத் தட்டினார். "பாத்தியா? பதினோரு நாளா நீ மல்லுக்கட்டுனத மாப்ள ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டாரு. அதுக்குத்தான் மூள வேணுங்கிறது."

நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மூஞ்சியை நானே அறையலாம் போலிருக்கிறது.

பிரகதா சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள்: "வேணாண்ணே. நான் போடல. புத்தகத்தையெல்லாம் நேத்தே மாஹிராகிட்ட குடுத்துட்டேன்."

"ஏன்த்தா?"

"ஒரு பாரத்த அனுப்பத் தெரியாதவளுக்கு எதுக்குண்ணே ஆபீஸ் வேல? அவரு சொல்றது சரிதான்."

அழவில்லை. குரலில் கோபமும் இல்லை. நல்ல பருப்பு எது, சொத்தை எது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. பதினோரு நாளில் நான் அவளை நம்பவைத்துவிட்டேன்.

மச்சான் கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மூன்றரைக்கு பஸ் ஏறக் கிளம்பினார். வீட்டில் நாங்கள் இருவர்தான். நானும் இரண்டு தரம் "போடேன்" என்றேன், அவள் இட்லி மாவுக்கு அரிசி களைந்துகொண்டே மாட்டேனென்று தலையை ஆட்டினாள். இனி ஒரே வழிதான் இருந்தது. அந்தச் சிவப்பு வரிகளைக் காட்டி, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொன்னால் போடுவாள். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அவள் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

காட்டலாம். ஆனால் அந்தப் பேர்?

மணி நாலு. இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு விளையாட ஓடினாள். பேரை மாற்றிவிட்டுக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறவன், அதிலும் பாதியைத்தான் ஒத்துக்கொள்ளப் பார்த்தேன். பேரை 'பிரகதாம்பாள்' என்று மாற்றினேன். பழைய வரிகளிலும் அது வரவேண்டுமென்றால் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

பெட்டி எழுந்திருக்கவில்லை.

சார்ஜரைப் பிடுங்கி மாட்டினேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, பச்சை மினுக்கவே இல்லை. வேறு ஒயர் மாற்றினேன். மெமரி கார்டைக் கழற்றி, சட்டையில் துடைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் பார்த்தேன். நாலு இருபது. நாலரை. பெட்டியைத் தாண்டிப் போக ரவுட்டரில் வழி இருக்கிறது, ஆனால் அவளுக்குக் காட்ட வேண்டிய வரிகள் அந்தப் பெட்டிக்குள்ளேதானே இருக்கின்றன! பேரை மாற்றாமல் காட்டியிருந்தால் இந்நேரம் அவள் விண்ணப்பம் போட்டு முடித்திருப்பாள்.

பின்னாலிருந்து பிரகதாவின் குரல் வந்தது. "ஒடனே ஒடனே மாட்டினா வராதுங்க. புடுங்கிட்டுப் பத்து எண்ணணும். அதுக்கப்பறம் மாட்டணும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இத்தன மாசமா நான்தானே எழுப்புறேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சார்ஜரைப் பிடுங்கினாள். உதடு அசையப் பத்து எண்ணினாள். மாட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது.

நாலு ஐம்பதுக்குப் பக்கம் திறந்தது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். வெட்டி வெட்டித்தான் சொல்ல முடிந்தது. இந்தச் சிவப்பெல்லாம் நீ பணம் கட்டப் பார்த்த தடவைகள். மறித்தது என் பெட்டி. பட்டியலைப் படிக்காமல் போட்டது நான். நீ எதையும் தப்பாகச் செய்யவில்லை. மச்சான் முன்னால் சிரித்தது அயோக்கியத்தனம். வெட்கமாக இருக்கிறது பிரகதா, போய் விண்ணப்பம் போடு.

அவள் ஒரு விரலால் வரிகளை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். காலை ஐந்து மணி வரியில் கொஞ்சம் நின்றாள். கடைசிவரை போய்விட்டு மறுபடி மேலே வந்தாள். அப்புறம் எழுந்து, பீரோவிலிருந்து சர்டிபிகேட் பைலை எடுத்தாள். போனில் வைஃபையை அணைத்தாள்.

"எங்க போற? இங்கயே இப்பப் போவும்."

"மாஹிரா வீட்டுல போட்டுக்கிறேன்."

செருப்பை மாட்டியவள் வாசலில் திரும்பினாள்.

"பேர எப்ப மாத்துனீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் ஜாஸ்தியாக இருக்கிற வாய்.

"இப்பத்தான்" என்றேன்.

"ஆடி மாசம் ரீஸ்டார்ட் குடுக்கச் சொன்னீங்கல்ல, அன்னைக்கே பாத்தேன்." பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கோவம் வரலங்க. படிச்சவரு, சரியாத்தான் வச்சிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

தெருவைக் கடந்து போனாள். நான் வாசலில் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். ஐந்து இருபத்தைந்துக்கு எதிர்வீட்டு ஜன்னலில் மாஹிராவின் சத்தம் கேட்டது: "போயிருச்சு! அக்கா, போயிருச்சு, நம்பர் வந்துருச்சு!"

பிரகதாவின் சத்தமும் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. அப்படி அவள் சிரித்து எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

லேப்டாப்பில் பக்கம் திறந்தே இருந்தது. அவள் பேர் இப்போதுதான் சரியாக இருந்தது. இருட்டுகிற வரை உட்கார்ந்து பார்த்தேன். 'பெருசு' வந்தது, 'குட்டி' வந்தது. அவள் பேரில் ஒரு வரிகூட வரவில்லை.